50 வயதில் வேலையை விட்ட பிறகு ஏழு ஆண்டுகள்: சுங்கை சிப்புட் குடும்பம் ஒன்றின் வரவும் செலவும்

சுங்கை சிப்புட்டிலிருந்து ஓர் அக்கா கேட்டிருப்பது இது. வீட்டுக்காரர் 20 வயதில் தொழிற்சாலை வேலைக்குப் போனவர். 2018இல், 50 வயதில், கம்பெனி கொடுத்த விருப்ப விலகல் திட்டத்தில் வெளியே வந்தார். இப்போது அவருக்கு 57, அக்காவுக்கு 54. சொந்த வீடு, கடன் இல்லை. மூன்று ஏக்கர் செம்பனை இருக்கிறது. ஊழியர் சேமநிதியில் (இபிஎஃப்) 320,000 ரிங்கிட் மீதம். மாதம் 2,000 எடுக்கிறார்கள். மகன் பினாங்கில் வேலை செய்கிறான், அடுத்த ஆண்டு கல்யாணம். மகள் பல்கலைக்கழகத்துக்கு முந்திய எஸ்டிபிஎம் படிக்கிறாள். மாமியாரும் கூடவே இருக்கிறார். அக்கா முறுக்கு, அதிரசம் செய்து விற்கிறார். "அவசரப்பட்டு வேலையை விட்டோமோ? இந்தப் பணம் எத்தனை வருடம் தாங்கும்? வீட்டில் ஏன் எப்போதும் ஒரு மனத்தாங்கல்?" என்பது கேள்வி.

வேலையை விட்டது சரியா தப்பா என்று இப்போது ஆராய்வதில் பயன் இல்லை. 2018க்கும் இன்றைக்கும் நடுவில் கொரோனா வந்தது. கொரோனாக் கால மீட்புத் திட்டங்களான ஐ-லெஸ்தாரி, ஐ-சினார், ஐ-சித்ரா, பிறகு 2022இல் 10,000 ரிங்கிட் சிறப்பு மீட்பு என்று வேலையில் இருந்தவர்களே சேமநிதியைத் துடைத்து எடுத்தார்கள். அதையெல்லாம் தாண்டி கையில் 320,000 இருக்கிறது என்றால் உங்கள் குடும்பம் கட்டுப்பாடாகத்தான் இருந்திருக்கிறது. 55 வயதில் 240,000 இருக்க வேண்டும் என்பதுதான் சேமநிதி வாரியம் நெடுநாள் சொல்லிவந்த அடிப்படை அளவு. அதுகூட மாதம் 1,000 வீதம் 20 ஆண்டுக்கு என்று போட்ட கணக்குதான்.

இனி உங்கள் கணக்கு. சேமநிதி இலாப ஈவு 2020இல் 5.20, 2021இல் 6.10, 2022இல் 5.35, 2023இல் 5.50, 2024இல் 6.30 விழுக்காடு. திட்டம் போட 5.5 என்று வைத்துக்கொள்வோம். மாதம் 2,000 என்பது கடைசிவரை 2,000ஆகவே இருந்தால் பணம் அவருடைய 80 வயது வரை வரும். ஆனால் அரிசியும் மீனும் அப்படியே நிற்காது. செலவு ஆண்டுக்கு 3 விழுக்காடு ஏறினால் அதே பணம் 73 வயதைத் தாண்டாது. அப்போது அக்காவுக்கு 70தான் ஆகியிருக்கும். மாதம் 1,600இல் தொடங்கி ஆண்டுக்கு 3 விழுக்காடு கூட்டினால் 78 வரை வரும். 1,400இல் தொடங்கினால் ஏறக்குறைய 82 வரை.

இதைவிட முக்கியமான இன்னொரு கணக்கு இருக்கிறது. மாதம் 1,400 என்ற அளவான திட்டத்தில் இருக்கும்போது கல்யாணத்துக்கோ, மகனின் வீட்டு முன்பணத்துக்கோ, தம்பியின் வியாபாரத்துக்கோ ஒரே முறை 80,000 எடுத்தால், 82 என்பது 74ஆகக் குறைகிறது. எட்டு ஆண்டு போய்விடுகிறது. மாதம் 200 கூடுதலாகச் செலவழித்தால் போவது நான்கு ஆண்டு. ஆகவே வீட்டில் மீன் விலைக்கும் மின்கட்டணத்துக்கும் சண்டை போடுவதைக் குறையுங்கள். சீக்கிரம் ஓய்வு பெற்ற குடும்பங்களை வீழ்த்துவது பெரும்பாலும் மொத்தமாகக் கேட்கும் கைதான். அதற்கு எப்போதும் நல்ல காரணம் இருக்கும், கேட்பவரும் நல்லவராகத்தான் இருப்பார். அதனால்தான் மறுக்க முடிவதில்லை.

மொத்தமாக இருக்கும் பணத்தைச் சம்பளமாக மாற்றுவதுதான் இதற்கு வழி. 55 வயதுக் கணக்கிலிருந்து மாதந்தோறும் இவ்வளவு என்று வாரியத்திடம் பதிந்துவிடலாம், ஒவ்வொரு மாதமும் அது வங்கிக்கு வந்துவிடும். தேவைப்படும்போதெல்லாம் கைப்பேசியில் எடுத்துக்கொள்ளும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். மீதம் அங்கேயே இருக்கட்டும். உறுப்பினருக்கு 100 வயது ஆகும்வரை அங்கே இலாப ஈவு கிடைக்கும். வழக்கமான சேமிப்புக்கு 2.5 விழுக்காட்டுக்குக் குறையாத ஈவு என்பது சட்டத்திலேயே இருக்கிறது. "மாசம் அஞ்சு பர்சன்ட் தர்றாங்க" என்று யாராவது தங்கத் திட்டமோ அந்நியச் செலாவணித் திட்டமோ கொண்டுவந்தால் தேநீர் கொடுத்து அனுப்பிவிடுங்கள். ஓய்வு பெற்றவரிடம் மொத்தப் பணம் இருக்கிறது என்பது ஊருக்கே தெரியும். கூட்டுச் சீட்டும் வேண்டாம், 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி அதை நடத்துவது குற்றம். பணம் போனால் புகார் கொடுக்கக்கூட உங்களுக்குத் தைரியம் வராது. போலீஸ், வங்கி, நீதிமன்றம் என்று பயமுறுத்தித் தொலைபேசி வந்து, பதற்றத்தில் பணத்தை மாற்றிவிட்டால் அடுத்த நிமிடமே தேசிய மோசடி தடுப்பு மையத்தின் 997க்கு அழையுங்கள். தாமதித்தால் பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குப் பறந்துவிடும்.

1,400 திட்டத்தில் இருப்புத் தொகை ஒரு தினுசாக நடந்துகொள்ளும், அதையும் சொல்லிவிடுகிறேன். 60 வயதிலும் கணக்கில் ஏறக்குறைய 320,000 இருக்கும். 65இல் 305,000 அளவில், 70இல் 270,000 அளவில். அதற்குப் பிறகு பன்னிரண்டு ஆண்டுக்குள் எல்லாம் கரைந்துவிடும். முதல் பத்து ஆண்டு பணம் குறையவே இல்லை என்று தோன்றும். அந்த நேரத்தில்தான் "அதான் அப்படியே இருக்கே, எடுத்தா என்ன?" என்ற பேச்சு வரும். இந்த மூன்று எண்களையும் ஒரு தாளில் எழுதி அலமாரிக் கதவில் ஒட்டுங்கள். ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரி கடைசி, மார்ச் தொடக்கத்தில் ஈவு அறிவிப்பு வந்தவுடன் இருப்பை ஒப்பிட்டுப் பாருங்கள். குறைவாக இருந்தால் அந்த ஆண்டு 3 விழுக்காடு உயர்வு எடுக்காதீர்கள். பெரும்பாலும் அதுவே போதும்.

2,000க்கும் 1,400க்கும் நடுவே 600 இடிக்கிறது. செம்பனை இருக்கிறதே என்பீர்கள். பொறுங்கள். மூன்று ஏக்கரில் சுமார் 170 மரம். ஏக்கருக்கு மாதம் 0.6 டன் என்று வைத்தால் 1.8 டன். டன் 800 ரிங்கிட் விற்கும்போது 1,440. குலை வெட்டுக் கூலியும் லாரியும் சேர்த்து டன்னுக்கு 110 போனால் 200. உரம் மரத்துக்கு ஆண்டுக்கு 7 கிலோ என்றால் 1,190 கிலோ, ஐம்பது கிலோ மூட்டையில் 24 மூட்டை. மாதத்துக்குப் பங்கிட்டால் 250 ஆகலாம். கையில் நிற்பது 1,000க்குக் கொஞ்சம் குறைவு. ஆனால் 2018 கடைசியில் கச்சா செம்பனை எண்ணெய் டன் 2,000 ரிங்கிட்டுக்கும் கீழே போனது. 2022 தொடக்கத்தில் 6,000ஐத் தாண்டியது. குலை டன் 350க்கு இறங்கினால் இதே மூன்று ஏக்கரில் மாதம் 180தான் மிஞ்சும். இது போக மழைக்காலத்துக்குப் பின் காய்ப்பு குறையும் மாதங்கள் இருக்கின்றன. வெயில் வருடம் ஒன்று வந்தால் அதன் பாதிப்பு அடுத்த ஆண்டிலும் தெரியும்.

அதனால் குலைப் பணத்தில் அரிசி வாங்காதீர்கள். அதற்குத் தனி வங்கிக் கணக்கு வையுங்கள். நில வரி, வீட்டு வரி, கார் காப்புறுதி, சாலை வரி, உரம், தீபாவளி, தைப்பூசம், மகளின் பதிவுக் கட்டணம் போன்ற ஆண்டுச் செலவுகள் எல்லாம் அதிலிருந்து போகட்டும். அந்தக் கணக்கில் ஓராண்டுச் செலவு சேர்ந்த பிறகு மாதம் 300 வீட்டுக்கு எடுக்கலாம். விலை ஏறினாலும் 300தான், இறங்கினாலும் 300தான். விலை இறங்கும்போது உரத்தை நிறுத்துவது வழக்கமாக நடக்கும் தவறு. உடனே ஒன்றும் தெரியாது. ஒன்று இரண்டு ஆண்டு கழித்துக் குலை சிறுக்கும், அந்த நேரம் பார்த்து விலை ஏறியிருக்கும். மரத்துக்கு என்ன வயது என்றும் எழுதிவையுங்கள். 25 ஆண்டை நெருங்கினால் மறுநடவு. நட்டு ஏறக்குறைய மூன்று ஆண்டு வரை வருமானம் இல்லை. அது அவருடைய 65 வயதில் வந்து விழுமா, 60இல் விழுமா என்பது இப்போதே தெரிந்திருக்க வேண்டும்.

இன்னும் 300 வேண்டும். மகன் அனுப்புவதை வருமானத்தில் சேர்க்காதீர்கள், கல்யாணம் ஆனதும் அது குறையும், குறைவதுதான் நியாயம். உங்கள் முறுக்கு வியாபாரத்தைச் சேருங்கள். ஆனால் முதலில் அதன் கணக்கைச் சரியாகப் போடுங்கள். மாவு, எண்ணெய் மட்டும் கழித்தால் போதாது. கேஸ், பாக்கெட், கொண்டுபோய்க் கொடுக்கும் பெட்ரோல் எல்லாம் கழித்துவிட்டு எவ்வளவு நிற்கிறது என்று மூன்று மாதம் எழுதிப் பாருங்கள். தீபாவளி மாதத்தின் இலாபத்தை வைத்து ஆண்டு முழுவதையும் கணிக்க வேண்டாம்.

வியாபாரம் இருப்பதால் உங்களுக்கு இன்னொரு கதவும் திறக்கிறது. அக்கா, உங்கள் பெயரில் என்ன இருக்கிறது? முப்பது ஆண்டு குடும்பம் நடத்தியவரின் பெயரில் சேமநிதி இல்லை, நிலம் இல்லை, மருத்துவக் காப்புறுதி அட்டை இல்லை என்பது நம் தோட்டப்புற ஊர்களில் வீட்டுக்கு வீடு காணும் நிலை. பெரும்பாலும் ஆண்கள் முந்திப் போகிறார்கள். ஆகவே கணக்குப் போட வேண்டியது உங்கள் 85 வயது வரைக்கும். சுயதொழில் செய்பவர், நிலையான சம்பளம் இல்லாதவர் என்ற முறையில் நீங்கள் சேமநிதியில் தாமாகவே சந்தா கட்டும் ஐ-சாரான் திட்டத்தில் பதியலாம். 60 வயதுக்குக் கீழே இருந்தால் போதும். ஆண்டுக்கு 2,500 கட்டினால் அரசாங்கம் 20 விழுக்காடு, அதாவது 500 ரிங்கிட் சேர்க்கிறது. வாழ்நாள் உச்சவரம்பு 5,000. மாதத்துக்கு 210 கட்டினால் சரியாக வந்துவிடும். உங்கள் ஊர் துன் சம்பந்தன் பிறந்த ஊர். 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியபோது தோட்டத் தொழிலாளர்கள் மாதம் பத்து வெள்ளி கட்டித்தான் நூறு வெள்ளிப் பங்கைச் சேர்த்தார்கள். அதே பொறுமை போதும். வீட்டுக்காரரும் தோட்டம் பார்க்கும் சுயதொழிலர்தான், 60 வரை அவரும் கட்டலாம். 55க்குப் பிறகு கட்டுவது அகாவுன் எமாஸ் என்ற தனிக் கணக்கில் விழும், 60 வரை எடுக்க முடியாது. உங்கள் நிலையில் அந்தப் பூட்டு நல்லதுதான்.

இதை இந்த ஆண்டே செய்துவிடுங்கள்: சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவின் இல்லத்தரசிகள் பாதுகாப்புத் திட்டத்தில் சேருங்கள். ஆண்டுக்கு 120 ரிங்கிட். வீட்டு வேலையில் நேரும் விபத்துக்கும் உடல் செயலிழப்புக்கும் பாதுகாப்பு தரும். 55 வயதுக்குள் பதிய வேண்டும். உங்களுக்கு 54. பிறந்தநாள் தாண்டிவிட்டால் வாய்ப்புப் போய்விடும்.

சொக்சோ பற்றி இன்னொன்று. வேலையை விட்டதும் எல்லாம் முடிந்தது என்று பலர் நினைத்து ஆவணங்களைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். செயலிழப்பு ஓய்வூதியத்துக்கு முழுத் தகுதி பெற இரண்டு வழிகள் உண்டு. விண்ணப்பத்துக்கு முந்திய 40 மாதத்தில் 24 மாதம் சந்தா கட்டியிருக்க வேண்டும். அது இல்லாவிட்டால், முதன்முதல் சந்தா கட்டிய மாதத்திலிருந்து இன்றுவரையுள்ள மாதங்களில் மூன்றில் இரண்டு பங்குக்குக் கட்டியிருக்க வேண்டும், அதுவும் 24 மாதத்துக்குக் குறையாமல். அவர் 30 ஆண்டு, 360 மாதம் கட்டியிருந்தால், ஏழு ஆண்டு இடைவெளி போக 444இல் 360, மூன்றில் இரண்டுக்கு மேலேயே நிற்கிறது. 60 வயதுக்குள் பெரிய நோய் வந்து இனி வேலை செய்ய முடியாது என்று மருத்துவக் குழு முடிவு செய்தால் ஓய்வூதியம் உண்டு. அதற்குள் அவர் இறக்க நேர்ந்தால் உங்களுக்குப் பிழைத்தோர் ஓய்வூதியம் உண்டு. பழைய சம்பளச் சீட்டுகளில் சொக்சோ பிடித்திருக்கிறதா, எந்த ஆண்டிலிருந்து என்று பார்த்து, ஈப்போ அலுவலகத்தில் சந்தாப் பட்டியலைக் கேட்டு வாங்கி வையுங்கள்.

மருத்துவத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கம்பெனி அட்டை வேலையோடு போய்விட்டது. 57 வயதில் இனிப்புநீரும் இரத்த அழுத்தமும் இருப்பவருக்குப் புதிய அட்டை எடுத்தால், எந்த நோய்க்கு வேண்டுமோ அதையே விலக்கிவைத்துத்தான் கொடுப்பார்கள். ஏற்கெனவே சொந்த அட்டை இருந்தால், அது முதலீட்டோடு சேர்ந்த வகையா என்று முகவரிடம் கேளுங்கள். வயது ஏற ஏறக் காப்புறுதிக் கட்டணம் உள்ளேயிருக்கும் முதலீட்டையே தின்னும். மாதத் தொகையை ஒழுங்காகக் கட்டினாலும் ஒருநாள் காலாவதியாகும். இப்போதைய தொகையில் எந்த வயதுவரை தாங்கும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். அட்டையே இல்லையென்றால் அரசு மருத்துவமனைதான் நம் துணை. வெளிநோயாளிக்கு 1 ரிங்கிட், நிபுணரிடம் 5 ரிங்கிட். ஆனால் ஸ்டென்ட், மூட்டு உள்வைப்பு போன்ற பொருள்களை அங்கும் நாமே வாங்க வேண்டி வரலாம். அதற்கென 20,000 தனியாக இருக்கட்டும், அதில் கல்யாணக் கை படக்கூடாது. அரசாங்கத்தின் எஸ்டிஆர் ரொக்க உதவி பெறும் குடும்பமாக இருந்தால் 40 வயதுக்கு மேற்பட்ட இருவருக்கும் பெக்கா பி40 திட்டத்தில் உடற்பரிசோதனை இலவசம். சிறுநீரகம் கெட்ட பிறகு வாரம் மூன்று முறை, நான்கு நான்கு மணி நேரம் இரத்தச் சுத்திகரிப்புக்குப் போய்வருவது பணத்தை மட்டுமல்ல, கூடப் போகும் உங்களையும் கரைத்துவிடும். முன்கூட்டியே பார்ப்பதுதான் மலிவு.

மனத்தாங்கலைப் பற்றி. நீங்கள் எழுதியிருப்பதில் பணத்தைவிட ஒரு சொல்தான் அதிகம் உறுத்துகிறது: "சும்மாதானே இருக்கார்." அண்ணன் தம்பிகள் அம்மாவை மருத்துவமனைக்குக் கூட்டிப்போக அவரைக் கூப்பிடுகிறார்கள், கோயில் கமிட்டி கூப்பிடுகிறது, யாருக்கோ ஈப்போவில் வேலை என்றால் இவருடைய கார்தான் போகிறது. பெட்ரோலும் சாப்பாடும் உங்கள் 2,000இல் போகிறது. வீட்டுக்குள் பார்த்தால், அவர் ஓய்வு பெற்றார், நீங்கள் பெறவில்லை. முன்பு ஒரு வேளை சமைத்த இடத்தில் இப்போது மூன்று வேளை, அதன் மேல் முறுக்கு உருளி. இந்தக் கோபம் நியாயமானது. வாரத்தில் இரண்டு நாள் அடுப்படி அவர் பொறுப்பு, இரண்டு நாள் வெளியார் வேலைக்குப் போவதில்லை என்று நாள் குறித்துப் பேசி முடியுங்கள். பொதுவாக "கொஞ்சம் ஒத்தாசை பண்ணுங்க" என்று சொன்னால் மூன்றாம் வாரமே மறந்துபோகும்.

மாமியார் விஷயத்தில் உடன்பிறந்தவர்கள் எல்லோரையும் ஒருநாள் உட்கார வையுங்கள். பேச வேண்டியவர் உங்கள் வீட்டுக்காரர், நீங்கள் பேசினால் மருமகள் கணக்குப் பார்க்கிறாள் என்ற பழிதான் மிஞ்சும். உடலால் பார்த்துக்கொள்வது இந்த வீடு என்றால் மருந்து, டயப்பர், சத்துப்பால், பெட்ரோல் மற்றவர்கள் பங்கு. ரசீதைக் குடும்ப வாட்ஸ்ஆப் குழுவில் போட்டால் போதும், ஒவ்வொரு முறையும் வாய்திறந்து கேட்கும் சங்கடம் இருக்காது.

கல்யாணத்துக்கு ஓர் எண்ணை இப்போதே சொல்லிவிடுங்கள், மண்டபம் பார்ப்பதற்கு முன்பே. "அப்பா அம்மா பங்கு 20,000" என்றால் அவ்வளவுதான். மீதி மகனும் மருமகளும் பார்ப்பார்கள், விருந்தாளி எண்ணிக்கை தானாகக் குறையும். பணத்தை மண்டபத்துக்கும் தாலிக்கும் நேரே கட்டுங்கள், கையில் கொடுத்தால் எண் நழுவும். நகையை அடகு வைத்து நடத்தலாம் என்ற யோசனை வேண்டாம். அடகுக்கடை வட்டி சட்டப்படியே மாதம் 2 விழுக்காடு வரை போகலாம், ஆண்டுக்கு 24. சேமநிதியில் 5.5 சம்பாதித்துக்கொண்டு அங்கே 24 கட்டுவது கணக்கே இல்லை. மகளுக்கு அரசுப் பல்கலைக்கழகம் கிடைத்தால் அரசாங்கத்தின் பிடிபிடிஎன் உயர்கல்விக் கடனை எடுக்கட்டும். கட்டணம் ஆண்டுக்கு 1 விழுக்காடுதான், முதல் வகுப்பில் தேறினால் விலக்குக் கேட்கலாம். இவ்வளவு மலிவான கடன் இருக்கும்போது சேமநிதியை உடைத்துப் படிக்க வைப்பது பாசம்தான், ஆனால் பின்னால் அவள்தான் உங்களைத் தாங்க வேண்டி வரும்.

அண்ணன் மகனாகவே இருந்தாலும், அவனுடைய கார்க் கடனுக்கு உங்கள் பெயரைக் கொடுக்கவே வேண்டாம். ஒன்பது ஆண்டுக் கடன், தவணை நின்றால் கடிதம் உங்கள் வீட்டுக்கு வரும், சம்மனும் உங்கள் பெயரில் வரும்.

கடைசியாக, பெயர்கள். சேமநிதியில் நியமனதாரர் யார் என்று இந்த மாதமே பாருங்கள். கல்யாணத்துக்கு முன் வேலைக்குச் சேர்ந்தவர்கள் அம்மா பெயரைப் போட்டிருப்பார்கள், பிறகு மாற்றியே இருக்கமாட்டார்கள். முஸ்லிம் அல்லாதவருக்கு நியமனதாரரே முழு உரிமையாளர், மனைவி என்று கேட்டுப் பயனில்லை. நிலம் அவர் பெயரில் மட்டும் இருந்து உயில் இல்லாமல் போனால் 1958ஆம் ஆண்டுப் பங்கீட்டுச் சட்டப்படி மனைவிக்குக் கால், பெற்றோருக்குக் கால், பிள்ளைகளுக்கு அரை. மாமியார் உயிரோடு இருக்கும்போது இது நடந்தால் மூன்று ஏக்கரில் கால்பங்கு அவருக்குப் போகும், அவருக்குப் பிறகு அவருடைய மற்றப் பிள்ளைகளும் அதில் பங்காளிகள். நில உரிமைப் பத்திரமான கெரானில் ஏழெட்டுப் பெயர் ஏறிவிட்டால் மறுநடவுக்குக்கூட எல்லோருடைய கையெழுத்தும் தேட வேண்டும். உயில் எழுத இரண்டு சாட்சிகள் வேண்டும், இருவரும் அவர் கையெழுத்திடும்போது ஒன்றாக இருக்க வேண்டும். சொத்துப் பெறுபவரோ அவருடைய கணவன் மனைவியோ சாட்சியாகக் கையெழுத்திட்டால் அவருக்குரிய பங்கு செல்லாது, ஆகவே மகனைச் சாட்சி போட வைக்காதீர்கள். குலை விற்க மலேசிய செம்பனை வாரியம் (எம்பிஓபி) தரும் உரிமமும், நிலைத்தன்மைக்கான எம்எஸ்பிஓ சான்றும் அவர் பெயரில்தான் இருக்கும். உரிம எண், கெரான் நகல், உரக் கணக்கு, குலை எடுக்கும் வியாபாரியின் பில் ஆகியவற்றை ஒரே கோப்பில் வைத்து, ஒரு வெட்டு நாள் நீங்களும் போய் எடை போடுவதைப் பார்த்துவிட்டு வாருங்கள்.